உட்பொதி வழங்கியும் தமிழ் எழுத்தும்

கெடா மாநிலத்துக் கோலா கெத்தில் வட்டாரத் தோட்டங்களில் வழங்கிய ரப்பர்த் தொழிற்சொற்களைத் தொகுத்து, மாணவர் தேடிப் பார்ப்பதற்கான இணையச் செயலி ஒன்றை அமைத்தோம். ‘மங்கு’ என்பது அவற்றுள் ஒன்று. பொதுத்தமிழில் இது ஒளி குன்றுதலைக் குறிக்கும் வினை; தோட்டத்தமிழிலோ மரத்தில் வடியும் பாலை ஏந்தும் கிண்ணம். மலாய்மொழி தந்த கடன்சொல் அது. நம் கணினியில் செவ்வனே தோன்றிய இச்சொல், வகுப்பறைக் கணினியில் பொருளற்ற இலத்தீன் குறிகளாய்ச் சிதைந்தது. காரணம் ஆராயத்தக்கது.

உலாவியின் வேண்டுகோளைப் பெற்று விடையளிப்பது வழங்கி. முன்னர் அப்பாச்சி டோம்கேட் போன்ற வழங்கியைக் கணினியில் தனியே நிறுவி, அதனுள் செயலியை இடுவதே வழக்கம். உட்பொதி முறையில் வழங்கியே செயலியின் கோப்புக்குள் அடங்கிவிடுகிறது. பால்மரம் வெட்டச் செல்வோர் தூக்குச்சட்டியில் உணவைக் கொண்டு செல்வதை இதற்கு ஒப்பிடலாம். 2014இல் முதற்பதிப்புக் கண்ட ஸ்பிரிங் பூட் இம்முறையைப் பரவலாக்கியது. ஜாவா உள்ள கணினியில் ஒரே கோப்பை இயக்கினால் போதும். இணைய இணைப்பும் தேவையில்லை. போர்ட் எனப்படும் துறை எண் இயல்பாக 8080. வேறு செயலி அதனைப் பயன்படுத்தினால் அமைவுக் கோப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆயினும், எழுத்துக் குறியாக்கம் தானாக உடன் வருவதில்லை. நம் கண்ணுக்கு ‘மங்கு’ மூன்றெழுத்து. யூனிகோடில் அது ம, ங, புள்ளி, க, உகரக் குறி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள், மொத்தம் 15. சொற்கோப்பைப் படிக்கும் ஜாவா, இலத்தீன் குறியாக்கமே இயல்பாக உள்ள கணினியில், அப்பதினைந்தையும் தனித்தனி எழுத்தெனக் கொண்டுவிடும். நமக்கு நேர்ந்தது இதுவே.

தீர்வு மூன்றிடங்களில் உள்ளது. முதலாவது, சொற்கோப்பு: 2022இல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8 இயல்பாயிற்று, முந்தைய பதிப்பாயின், கோப்பைப் படிக்கும் நிரலிலேயே குறியாக்கத்தைச் சுட்டுதல் வேண்டும். இரண்டாவது, தேடுசொல் வரும் முகவரி: டோம்கேட் 7 வரை இலத்தீன் குறியாக்கமே இயல்பு, 8 முதல் யூடிஎஃப்-8. மூன்றாவது, விடைப்பக்கம்: அதன் தலைப்பகுதியிலும் குறியாக்கத்தை அறிவித்தல் நலம்.

செயலியை மாணவரிடம் அளிக்குமுன், ஆசிரியர்கள் அதனை வேறொரு கணினியில் இயக்கி, ‘மங்கு’ எனத் தட்டித் தேடிப் பார்ப்பார்களாக. உருவாக்கிய கணினியில் மட்டும் சோதித்ததே நாம் செய்த பிழை.