மீன் எண்ணெய் மாத்திரை டென்ஷனைக் குறைக்குமா?

செமஸ்டர் வந்தா போதும், எங்க ஹாஸ்டல்ல யாராவது ஒருத்தன் மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவோட வந்துடுவான். "டென்ஷன் குறையும் மச்சி!" உண்மையா?

மூளை செல்களின் சவ்வில் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் நிறைய இருக்கு. உடம்பு இதைத் தானா ரொம்பக் கொஞ்சம்தான் தயாரிக்கும். மத்தி, அயிலை மாதிரி மீன்களில் இது அதிகம்.

2011-ல் வெளியான ஒரு ஆய்வில், தற்கொலை செய்துகொண்ட 800 அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகளை (முன்பே எடுத்துச் சேமித்தவை) மற்ற 800 பேருடைய மாதிரிகளோடு ஒப்பிட்டாங்க. டிஹெச்ஏ குறைந்தவர்களிடம் ஆபத்து அதிகமா தெரிந்தது. ஆனா இது தொடர்புதான், காரணம்னு சொல்ல முடியாது. மனசு உடைஞ்சவங்க சரியா சாப்பிடாமலும் இருந்திருக்கலாமே?

அதுக்குத்தான் நேரடிச் சோதனை. ஈராக்கில் பணியில் இருந்த வீரர்களில் ஒரு பிரிவுக்கு ஒமேகா-3, இன்னொரு பிரிவுக்குப் போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தாங்க. 2014-ல் முடிவு வந்தது: மனநிலையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சின்ன சோதனைதான், ஆனாலும் டப்பாவை நம்புறதுக்கு முன்னாடி யோசிக்க வைக்குது.

மீன் சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது. ஆனா ரூம்மேட் ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசாம படுத்திருந்தா, மாத்திரையை நீட்டாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து பேசுங்க. தேவைப்பட்டா கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.