ஓட்டத்துக்கு நடுவே ஓர் ஓய்வு

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில் தரையில் பாய் விரித்துப் பந்தி பரிமாறினார்கள். உண்டு முடித்து எழ முயன்றேன், கையூன்றியும் முடியவில்லை. இலை எடுக்க வந்த இளைஞர்கள் இருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டனர். நாள்தோறும் நாற்பது நிமிடம் நடப்பவன் என்ற என் பெருமை அந்தப் பந்தியோடு முடிந்தது.

மருத்துவர் காரணம் சொன்னார். முப்பது வயதைக் கடந்த பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு இழப்பு விரைவடைகிறது. நடை இதயத்துக்கு நல்லதுதான். ஆனால், தசையின் வலுவைக் காக்க அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே கூறுகிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடத் தீவிர உழைப்பு, அத்துடன் குறைந்தது இரண்டு நாள்கள் தசை வலுப்பயிற்சி.

மருத்துவப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, கல்லூரி மைதானம் ஒன்றில் ஓடும் குழுவில் சேர்ந்தேன். ஓய்வு பெற்ற உடற்கல்வி இயக்குநர் ஒருவர் எங்களை வழிநடத்துகிறார். வங்கி ஊழியர், செவிலியர், மளிகைக் கடைக்காரர் எனப் பதினொரு பேர். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தேகாலுக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். 400 மீட்டர் சுற்றுப்பாதையை வேகமாக ஒருமுறை ஓட வேண்டும். இரண்டு நிமிடம் நடந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு மீண்டும் ஓட வேண்டும். இப்படி எட்டுச் சுற்றுகள்.

முதல் வாரம் முதல் சுற்றை இளைஞர்களுக்கு இணையாக ஓடினேன். ஐந்தாம் சுற்றில் புல்தரையில் உட்கார்ந்துவிட்டேன். "முதல் சுற்றில் கடன் வாங்கினால் ஐந்தாவது சுற்றில் வட்டி கட்டணும், சார்" என்றார் இயக்குநர். முப்பத்து மூன்று ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. இப்போது ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 40 விநாடி எடுத்துக்கொள்கிறேன். எட்டாவது சுற்றையும் அதே நேரத்தில் முடிக்கிறேன்.

இந்த இடைவெளிப் பயிற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெலும் இதை முறையாக வகுத்தனர். ஓட்டத்தில் உயரும் இதயத் துடிப்பு, அடுத்து வரும் ஓய்வில் தணிகிறது. இதயம் வலுப்பெறுவது அந்தத் தணிவின்போதுதான் என்று அவர்கள் கருதினர். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடோல்ஃப் ஹார்பிக், 1939-இல் 800 மீட்டர் தொலைவை 1 நிமிடம் 46.6 விநாடியில் கடந்து உலக சாதனை படைத்தார். 1955 வரை அதை எவராலும் முறியடிக்க இயலவில்லை.

அதே நாள் மாலையில் உடற்பயிற்சிக் கூடம். பாரம் ஏந்திக் குந்தி எழுதல், தரையிலிருந்து எடை தூக்குதல், கயிற்றை மார்பு நோக்கி இழுத்தல் ஆகியவை தலா மூன்று செட். ஒவ்வொரு செட்டுக்கும் நடுவே இரண்டு நிமிட ஓய்வு. இரண்டு கடும் பயிற்சிகளையும் ஒரே நாளில் வைப்பது ஏன் என்று கேட்டேன். கடினமான நாள் ஒன்றாக இருந்தால்தான் மறுநாள் முழுவதும் உடலுக்கு ஓய்வு கிடைக்கும் என்பது விடை. முதுமை இதற்குத் தடையல்ல. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த சுமார் தொண்ணூறு வயதினர் பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது.

தனியாக இதைச் செய்திருப்பேனா? ஐயமே. நாளைய நன்மையைக் குறைத்தும் இன்றைய சுகத்தைக் கூட்டியும் மதிப்பிடுவது மனித இயல்பு. இரவில் அலாரம் வைப்பவரும் காலையில் அதை அணைப்பவரும் ஒருவரே என்றாலும் இருவரின் விருப்பமும் வேறு. 2005-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் தாமஸ் ஷெல்லிங் இந்தத் தன்னடக்கச் சிக்கலை விரிவாக ஆராய்ந்தவர். பத்துப் பேர் நமக்காகக் காத்திருப்பார்கள் என்ற கூச்சம், படுக்கையிலிருந்து எழுப்பிவிடுகிறது.

மைதானத்தை ஒட்டி ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கு சித்தாளாக வேலை செய்யும் அம்மா ஒருவர் ஒருநாள் கேட்டார்: "யாரும் விரட்டலையே ஐயா, எதுக்கு இந்த ஓட்டம்?" சிரித்து மழுப்பினேன், கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அவர் ஒரு நாளில் சுமக்கும் எடையில் சிறு பங்கைக்கூட நான் கூடத்தில் தூக்குவதில்லை. ஆயினும் ஓய்வு நேர உடற்பயிற்சி தரும் நலனை, பிழைப்புக்காகச் செய்யும் கடும் உடலுழைப்பு அதே அளவில் தருவதில்லை என ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். எப்போது நிறுத்துவது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். இரண்டு நிமிட இடைவெளி அவருக்குக் கூலி இழப்பு. எனக்கு அதுவே பயிற்சி.

நம் சமூகத்தில் ஒரு சாராருக்கு ஓய்வில்லாத உழைப்பு. மறு சாராருக்கு உழைப்பில்லாத ஓய்வு. 2022-இல் இந்தியர்களில் வயதுவந்தோருள் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் 2024-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. பெண்களிடையே இது 57 விழுக்காடு.

எனவே, கோரிக்கைகள் இரண்டு. பொதுப் பணத்தில் உருவான பள்ளி, கல்லூரி மைதானங்கள் காலையில் இரண்டு மணி நேரமாவது அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். பெண்கள் அச்சமின்றி வர அங்கே விளக்கும் கழிப்பறையும் வேண்டும். உடலுழைப்புப் பணியிடங்களில் இடைவேளை என்பது சலுகையாக அன்றி, உரிமையாகக் கருதப்பட வேண்டும்.

சென்ற மாதம் மற்றொரு பந்தியில் தரையில் அமர்ந்தேன். எழும்போது எவர் கையும் தேவைப்படவில்லை. அந்த அம்மாவுக்கும் என் வயதில் அவ்வாறு எழ முடிய வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)