கோவையும் சிங்கப்பூரும்: ஓர் ஆகாயக் கணக்கு

பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கும் பவானித் தாய்மார்களுக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. "டிக்கெட்டைப் பார்த்தால், போவதற்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம், வருவதற்கு இரண்டு மணி நேரங்கூட இல்லை. இது என்ன மாயம்?"

மாயம் ஒன்றுமில்லை, கணக்குத்தான்.

முதலில் தூரம். பூமி உருண்டையானதால் தட்டையான படத்தில் அளப்பது சரிவராது. பூகோள உருண்டையின் மீது இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு ஜமக்காள நூலை இழுத்துப் பிடியுங்கள். அதுவே மிகக் குறுகிய வழி. அந்த நூலைப் பூமத்திய ரேகையின் மேல் வைத்தால் சுமார் 28½ பாகை நீளும். பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் சுமார் 3,160 கிலோமீட்டர்.

மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் இதைக் கடக்க 3¾ மணி ஆகும். ஏறவும் இறங்கவும் தரையில் ஓடவும் அரை மணி சேர்த்தால் 4¼ மணி. காற்றின் போக்கினால் இது சற்றுக் கூடலாம், குறையலாம்.

இனிக் கடிகாரம். இந்திய நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5½ மணி முந்தியது. சிங்கப்பூரோ 1982 முதல் 8 மணி முந்தியது. வித்தியாசம் 2½ மணி. இரவு 10-க்குக் கோவையில் புறப்பட்டால், அங்கே இறங்கும்போது விடியற்காலை 4.45. அங்கே காலை 8-க்குப் புறப்பட்டால், இங்கே 9.45.

டிக்கெட்டில் காணும் மணி அந்தந்த ஊரின் மணியே. ஆகையால் மகளை அழைத்துவரப் பீளமேடு விமான நிலையத்துக்குச் செல்பவர்கள் மறுபடியும் 2½ மணியைக் கழித்துவிட வேண்டாம். வீணே காத்திருக்க நேரும்!