அதிமதுரம் கேட்பவரிடம் ஒரு கேள்வி

ஆடித் திருவிழா நாட்களில் பெரியபாளையத்தில் வேப்பிலைக்கும் மஞ்சளுக்கும்தான் முதலிடம். ஆனால் நம் நாட்டு மருந்துப் பெட்டிகளில் ஆண்டு முழுவதும் நகரும் சரக்கு அதிமதுரம். தொண்டைக் கட்டு, இருமல் என்று வருவோருக்குப் பொட்டலம் மடித்துக் கொடுத்து விடுகிறோம்.

அந்த வேரின் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின் என்னும் பொருள். நம் சிறுநீரகத்தில், கார்ட்டிசால் என்ற ஹார்மோனை வலுவில்லாத கார்ட்டிசோனாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. அதிமதுரம் அளவு மீறினால் அந்த நொதி முடங்கும். உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு சாப்பிட்ட சிலருக்கு முகமும் காலும் வீங்கியதை ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர் 1946-லேயே எழுதி வைத்தார்.

இருமலுக்கு இரண்டு நாள் ஒரு துண்டு மெல்வது வேறு. மாதக்கணக்கில் தினமும் கஷாயம் குடிப்பது வேறு. ஆகவே கால் கிலோ கேட்பவரிடம், "பி.பி. மாத்திரை சாப்பிடுகிறீர்களா? வீட்டில் கர்ப்பிணிக்கா?" என்று நாம் கேட்டே ஆக வேண்டும். ஆம் என்றால், டாக்டரைக் கேட்டு வரச் சொல்வோம். அன்றைய வியாபாரம் போனால் போகட்டும்.

கொள்முதலிலும் கவனம் தேவை. அதிமதுரத்தில் குன்றிமணி வேரைக் கலப்பதுண்டு. முழு வேராகவே எடுங்கள். பொடியில் நம் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது.