பொதுப்பணமும் பஸ்வண்டியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் திசையில் விரிந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்று வழங்குவர். தான்தோன்றீஸ்வரர் திருக்கோயிலாற் புகழ் பெற்ற கொக்கட்டிச்சோலை அந்நிலத்தின் தலையாய ஊர்களுள் ஒன்று. மண்முனைத்துறையில் வாவியைக் கடப்பவர்கள் நெடுங்காலம் 'பாதை' எனப்படும் மிதவையையே நம்பியிருந்தனர். 2014ஆம் ஆண்டில் யப்பானிய உதவியுடன் அங்கே பாலம் திறக்கப்பட்டது. ஆயினும், பாலம் மட்டும் மனிதரை ஏற்றிச் செல்லாது. அதன்மேல் ஓடும் வண்டியும் வேண்டும். பட்டணத்து வைத்தியசாலைக்குப் போகும் முதியவருக்கும், உயர்வகுப்புக்குப் போகும் மாணவிக்கும் பஸ்வண்டியே கால். அந்த வண்டியை வாங்கும் பணம் எங்கிருந்து வருகின்றது, அதனைக் கண்காணிப்பவர் யாவர் என்பதை அறிந்துகொள்வது பயனுடையது.

இலங்கையில் பஸ்சேவை முதலில் தனியார் கையிலேயே இருந்தது. வருமானம் மிகுந்த வீதிகளில் வண்டிகள் போட்டியிட்டு ஓடின; வருமானம் குறைந்த ஊர்களோ கவனிப்பாரற்றுக் கிடந்தன. இக்குறையைப் போக்கும் நோக்குடன் 1957ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. 1978இல் அது பிராந்தியச் சபைகளாகப் பிரிக்கப்பட்டது. தனியார் வண்டிகளும் மீண்டும் வீதிக்கு வந்தன. 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் ஒரே சபையை மீண்டும் நிறுவியது.

சபைக்குப் புதிய வண்டிகள் வேண்டுமாயின், அவை நான்கு வாயில்களைக் கடந்தே வீதிக்கு வருதல் வேண்டும். முதலாவது தேவை: எந்தச் சாலைக்கு எத்தனை வண்டி, எவ்வகை வண்டி என்ற கணக்கு. இரண்டாவது நிதி: பயணக்கட்டணத்தால் மட்டும் புதிய வண்டிகளை வாங்குதல் அரிது, ஆதலால் திறைசேரியின் ஒதுக்கீடோ, வெளிநாட்டுக் கடனோ, உதவியோ துணைநிற்கும். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவின் உதவியுடன் 75 பஸ்வண்டிகள் சபையிடம் கையளிக்கப்பட்டமை இதற்கோர் எடுத்துக்காட்டு. மூன்றாவது கேள்விப்பத்திரம்: விலைகள் வெளிப்படையாகக் கோரப்பட்டு, தொழில்நுட்ப அறிவுடையோரால் ஒப்பிடப்படும். பெறுமதி உயர உயர, முடிவு செய்யும் குழுவின் மட்டமும் உயரும். பெருங்கொள்வனவுகள் அமைச்சரவை வரை செல்லும். நான்காவது கணக்காய்வு.

இவற்றுள் மூன்றாம் வாயிலிலேயே மயக்கம் மிகுதி. மிகக் குறைந்த விலை கூறியவரிடம் வாங்குவதே சிக்கனம் என்று பலர் எண்ணுவர். யானை வாங்குவோர் அதன் தீனியையும் கணக்கிட வேண்டுமன்றோ? பஸ்வண்டியின் விலை ஒருமுறை கொடுப்பது. எரிபொருளும் உதிரிப்பாகமும் அது ஓடும் நாளெல்லாம் கொடுப்பவை. முன்னாளில் இலண்டன் மாநகரில் ஓடிக் கழிந்த இரட்டைத்தட்டு வண்டிகளை இலங்கை வாங்கி ஓட்டியதுண்டு. பழைய வண்டி மலிவாகக் கிடைக்கலாம். எஞ்சியிருக்கும் ஆயுள் எவ்வளவு, உறுப்புகள் எத்தனை காலம் கிடைக்கும் என்ற வினாக்களை அந்த மலிவு தீர்த்துவிடாது. பலவகை வண்டிகளைச் சிறுசிறு தொகையாக வாங்கினால், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி உதிரிப்பாகமும் பயிற்சியும் தேவைப்படும். ஒரு சிறிய உறுப்பு இல்லாமையால் முழுவண்டியும் சாலையில் முடங்கும். அன்று காலை படுவான்கரை மாணவி தரிப்பிடத்தில் நின்றபடியே பாடவேளையை இழப்பாள்.

பொதுநிதியின் முழுக்கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை விதிக்கின்றது. 154ஆம் உறுப்புரையின்படி, கூட்டுத்தாபனங்களின் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் ஆராய்கின்றார். 1979இல் தோன்றிய 'கோப்' எனப்படும் பொது முயற்சிகள் பற்றிய குழு, அவ்வறிக்கைகளைக் கொண்டு அதிகாரிகளை அழைத்து வினவுகின்றது. எனினும் கணக்காய்வு பெரும்பாலும் பணம் செலவான பின்னர் வருவது. கசிந்த நீரைக் காட்டுமேயன்றி மீட்டுத் தராது. ஆகவே முன்னைய மூன்று வாயில்களிலும் விழிப்பு இன்றியமையாதது.

அவ்விழிப்பில் குடிமக்களுக்கும் பங்குண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தக் குடிமகனும் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதி விவரம் கேட்கலாம். தகவல் தருவதா மறுப்பதா என்று அவ்வலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானித்தல் வேண்டும். தம் பகுதிச் சாலைக்கு எத்தனை வண்டிகள் கொடுக்கப்பட்டன, அவற்றுள் எத்தனை ஓடுகின்றன, ஓடாதவை எக்காரணத்தால் நிற்கின்றன என்பன கேட்கத்தக்க வினாக்கள்.

நட்டம் என்ற ஒரு சொல்லால் கிராமத்துப் பஸ்சேவையை அளந்துவிடுதல் முறையன்று. ஆளில்லாத வீதியில் ஓடும் வண்டிக்கு அரசு கொடுக்கும் உதவி வீண் என்று சொல்லுமுன், அவ்வண்டி இல்லாத நாளில் அவ்வூர் இழப்பதையும் கணக்கில் எழுதுதல் வேண்டும். அதேவேளை, சேவை என்ற பெயரால் வீண்செலவை மறைத்தலும் ஆகாது. கண்காணிப்பின் வெற்றியைக் கோப்பில் உள்ள கையொப்பங்கள் காட்டமாட்டா. மண்முனைப் பாலத்தின்மேல் விடியற்காலையில் நேரந்தவறாது வந்து செல்லும் வண்டியே அதற்குச் சான்று.