கல்லாய்ச் சமைந்த மீன்

ஆறுமுகநேரி உப்பளங்களைக் கடந்து கிழக்கே சென்றால் கடற்கரை. ஆங்கு வலையினின்றும் கொட்டப்படும் மீனொன்றின் துடுப்பை விரித்து நோக்குக. பெரும்பாலும் அது மெல்லிய முட்களால் இயன்ற விசிறியே. பண்டோ, என்பும் தசையும் செறிந்த காம்பின்மேல் துடுப்புடைய மீனினம் ஒன்று மிக்கிருந்தது. அதன் ஒரு கிளையினின்றே நாற்கால் உயிர்கள் தோன்றின என்பர் அறிஞர். மற்றொரு கிளை சீலகாந்த்.

இரைகவரும் இக்கிளை மீன் நம் நாட்டிலும் வாழ்ந்து மறைந்தது. பிராணஹிதா-கோதாவரிப் பள்ளத்தாக்கில், கோட்டா என்னும் ஜுராசிக் காலப் பாறைகளில், அதன் என்புகள் கல்லாய்ச் சமைந்து கிடந்தன. எஸ். எல். ஜெயின் என்பார் 1974-இல் அதனை விவரித்து, 'இந்தோசீலகாந்தஸ் ரொபஸ்டஸ்' எனப் பெயரிட்டார். இந்தியாவிற் கிடைத்த முதற் சீலகாந்த் அதுவே.

கல் என்பைக் காக்கும். குடலையும் மூளையையும் காப்பது அரிது. சீலகாந்த் குலம் முழுதும் ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்ததெனக் கருதியிருந்தனர். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்கக் கரையருகே ஒன்று வலையிற் பட்டது. மீன்குவியலிடையே அதனைக் கண்டெடுத்தவர், அருங்காட்சியகப் பொறுப்பாளரான மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அம்மையார். பதனஞ்செய்ய வசதியின்மையால் உள்ளுறுப்புக்கள் கெட்டொழிந்தன. அவற்றை ஆராய, 1952-இல் அடுத்த மீன் அகப்படுமட்டும் உலகம் 14 ஆண்டுகள் காத்திருந்தது.

ஆதலின், மாணவ நண்பர்களே, நம் கரையில் பெயரறியா மீனொன்று வந்தால், எறியுமுன் சற்றே நின்று நோக்குக, கெடுமுன் பதனஞ்செய்க.