மரவள்ளியில் திசு வளர்ப்புக் கன்று: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்வோம்

நம் சகோதரர் ஒருவர் விழுப்புரம் பக்கம் குத்தகை நிலத்தில் மரவள்ளி வைத்திருக்கிறார். சென்ற மாதம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு கைப்பிடி இலையோடு வந்தார். இலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக, சுருங்கிக் கோணிப் போயிருந்தது. "திசு வளர்ப்புக் கன்று வாங்கிப் போட்டால் இந்த நோய் வரவே வராது என்கிறார்கள். வீட்டு நகையை வைத்துப் பணம் கட்டலாமா?" என்று கேட்டார்.

இது தேமல் நோய். வைரஸால் வருவது, வெள்ளை ஈ பரப்புகிறது. ஆனால் ஈயை விடப் பெரிய வழி நம் கையில்தான் இருக்கிறது. மரவள்ளியை விதை போட்டு வளர்ப்பதில்லை, தண்டை வெட்டிக் கரணையாக நடுகிறோம். தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் கரணையிலும் இருக்கும். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கும் இலவசக் குச்சியோடு நோயும் இலவசமாக வந்துவிடுகிறது.

வைரஸ் செடி முழுவதும் பரவினாலும், தளிரின் உச்சிமுனைக்குள் பெரும்பாலும் எட்டுவதில்லை. 1952-இல் பிரான்சில் மோரெல், மார்ட்டின் என்ற இரு விஞ்ஞானிகள், நோய் கண்ட டேலியாச் செடியின் உச்சிமுனையை மட்டும் எடுத்து வளர்த்து நோயற்ற செடியைப் பெற்றார்கள். மரவள்ளியில் 1970-களில் இது கைகூடியது. நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையைச் செய்துவருகிறது.

செய்முறை இதுதான். தாய்ச்செடியைச் சில வாரம் கூடுதல் வெப்பத்தில் வைத்து வைரஸைத் தளர்த்துவார்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ் அரை மில்லிமீட்டருக்கும் சிறிய நுனியை வெட்டி, சர்க்கரையும் உப்புச்சத்துகளும் வளர்ச்சி ஊக்கிகளும் கலந்த கூழில் வைப்பார்கள். அந்தக் கூழை உறைய வைப்பது அகார். நோன்பு திறக்க நம் வீடுகளில் காய்ச்சும் அதே கடல்பாசிதான்! சமையலறையில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும் பொருள் அது. அதனால்தான் ஆய்வகத்தில் காற்று முதல் கத்தி வரை கிருமி நீக்கம் செய்கிறார்கள். செலவு அங்கேதான் ஏறுகிறது.

குடுவையிலிருந்து வெளியே வரும் கன்று பச்சைப்பிள்ளை மாதிரி. ஈரக்காற்றில் மூடி வைத்து, மெல்லமெல்ல வெயிலுக்குப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் வாடிவிடும்.

இனி சகோதரரின் கேள்விக்கு வருவோம். நோயற்ற கன்று என்பது நோய் எதிர்ப்புள்ள கன்று அல்ல. பக்கத்து வயலில் தேமல் இருந்தால் வெள்ளை ஈ இதற்கும் கொண்டுவந்து சேர்க்கும். "வரவே வராது" என்று சொல்பவரிடம் நகைப் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்றே சொன்னோம். வாங்குவதானால் வைரஸ் பரிசோதனை செய்தார்களா, பூச்சி புகாத வலைக்குடிலில் வளர்த்தார்களா என்று கேளுங்கள். கொஞ்சம் கன்று வாங்கித் தனியாக நட்டு, அதிலிருந்து இரண்டு கணுக் கரணைகளாக வெட்டிப் பெருக்கினால் செலவு குறையும்.

காசில்லாதவர்களுக்கும் வழி உண்டு. இலை செழிப்பாக இருக்கும்போதே தேமல் இல்லாத செடிகளுக்குத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அறுவடையின்போது கரணையை அவற்றிலிருந்து மட்டும் எடுங்கள். இளம்பயிரில் தேமல் தெரிந்தால் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் இலையோடு குரும்பாப்பேட் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம். அந்தச் சகோதரரை அங்கேதான் அனுப்பி வைத்தோம். நகை இன்னும் வீட்டில் இருக்கிறது.